சாயமும் ஆறும்: செயற்கைத் துணிச்சாயங்களின் சூழல் பாதுகாப்பு மதிப்பீடு – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

செயற்கைத் துணிச்சாயம் ஒன்று சூழலுக்குப் பாதுகாப்பானதா என்பதை அறியும் முறை கடந்த ஒன்றரை நூற்றாண்டில் பலமுறை மாறியுள்ளது. முதலில் தொழிலாளர் உடல்நலமும், அடுத்து உடுத்துவோர் நலமும், பின்னர் நீர்வாழ் உயிர்களின் நலமும் அளவுகோல்களாயின. இம்மாற்றங்களை இக்கட்டுரை தொகுத்து நோக்குகிறது. நொய்யல் ஆற்றின் பட்டறிவையும் சேர்வராயன் மலையில் பிறக்கும் ஆறுகளின் இயல்பையும் சான்றாகக் கொண்டு, சாய மூலக்கூற்றை மட்டும் அளக்கும் மதிப்பீடு முழுமையானதன்று என்பதை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: செயற்கைச் சாயம், வினைச்சாயம், கரைந்த உப்பு, நொய்யல், திருமணிமுத்தாறு, சேர்வராயன் மலை.

முன்னுரை

சேலம் மாவட்டத்தின் ஏற்காடு வட்டத்தில், வெள்ளக்கடை முதலிய மலையூர்களைக் கொண்ட சேர்வராயன் மலைத்தொடர், சமவெளிக்கு நீர் தரும் மலைகளுள் ஒன்று. இங்குத் தோன்றும் திருமணிமுத்தாறு சேலம் மாநகரின் ஊடாகச் சென்று, நாமக்கல் மாவட்டத்தைக் கடந்து காவிரியில் கலக்கிறது. சரபங்கா ஆறு ஓமலூர், எடப்பாடி வழியே காவிரியை அடைகிறது. இவ்விரு ஆறுகளின் கரைப்பகுதிகள் நெசவுக்குப் பெயர்பெற்றவை. நெசவு உள்ள இடத்தில் சாயப்பட்டறையும் உண்டு. மலையில் தெளிவாகப் பிறக்கும் நீர் நகரைக் கடக்கையில் நிறம் மாறுவது இப்பகுதி மக்கள் நாளும் காண்பதாகும். எனினும், கண்ணுக்குத் தெரியும் நிறம்தான் தீங்கின் அளவா என்பது ஆராய்தற்குரியது.

தொடக்கக் காலம்: சாயமும் துணைப்பொருளும்

அவுரியும் சாயவேரும் தமிழகத் துணிகளுக்கு நீலமும் சிவப்பும் தந்த காலத்தில், சாயத்தின் தரம் அதன் நிலைப்புத்தன்மையால் மட்டுமே மதிப்பிடப்பட்டது. 1856இல் இலண்டனில் வில்லியம் ஹென்றி பெர்க்கின் அனிலினிலிருந்து ஊதாச்சாயத்தை உருவாக்கினார். 1869இல் செயற்கை அலிசரினும், 1897இல் செருமானிய நிறுவனமொன்றின் செயற்கை நீலமும் வெளிவந்தன. இவை தாவரச் சாயங்களின் சந்தையைச் சிதைத்தன. இக்காலத்திலும் வாங்குவோர் கேட்டது வெளுக்காத நிறத்தையும் மலிவான விலையையும்தான்.

சூழல் பற்றிய முதல் எச்சரிக்கை சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் எழுந்தது. அங்கு மெஜந்தாச் சாயம் செய்வதற்கு ஆர்சனிக் அமிலம் பயன்பட்டது. 1860களின் நடுப்பகுதியில், ஆலையின் கழிவு நிலத்தடி நீரில் கலந்ததால் அருகில் வாழ்ந்தோர் நோயுற்றனர். வழக்கு நடந்து ஆலையாளர் தண்டிக்கப்பட்டார். இங்குக் கிணற்றைக் கெடுத்தது சாயம் அன்று. சாயம் செய்யத் துணைநின்ற நஞ்சு. சாய வரலாற்றின் தொடக்கத்திலேயே கிடைத்த இப்பாடம் பிற்கால மதிப்பீட்டு முறைகளில் உரிய இடம் பெறவில்லை.

உடலை அளவுகோலாகக் கொண்ட காலம்

1895இல் பிராங்க்பர்ட் நகர அறுவை மருத்துவர் லூட்விக் ரேன், மெஜந்தா ஆலைத் தொழிலாளரிடையே சிறுநீர்ப்பைக் கட்டிகள் தோன்றுவதை அறிவித்தார். நறுமண அமீன்கள் என்னும் வேதிப்பொருள்கள் இந்நோய்க்குக் காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அவற்றுள் பென்சிடின் முதன்மையானது. 1884இல் கண்டறியப்பட்ட காங்கோ சிவப்பு, பென்சிடினிலிருந்து பெறப்படுவது. பருத்தியில் நிறங்காரம் இன்றியே பற்றியதால் அது பட்டறைகளின் வேலையை எளிதாக்கியது. அதன் வழியில் பல சாயங்கள் பெருகின.

1970களில் புரூஸ் ஏம்ஸ் வகுத்த நுண்ணுயிர்ச் சோதனை, மரபுப்பொருளைச் சிதைக்கும் சேர்மங்களை விரைவாக இனங்காண வழிசெய்தது. செருமனி 1994இல், தீங்கான அமீன்களாகப் பிரியக்கூடிய அசோ சாயங்களைத் தடைசெய்தது. இந்தியா 1997இல் 70 அசோ சாயங்களைக் கையாளத் தடை விதித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் 22 அமீன்களைப் பட்டியலிட்டு, துணியில் ஒரு கிலோகிராமுக்கு 30 மில்லிகிராம் என்ற வரம்பை வகுத்தது. ஏற்றுமதியை நம்பியிருந்த தமிழகப் பட்டறைகள் இப்பட்டியல்களுக்கு ஏற்பச் சாயங்களை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. இவை வரவேற்கத்தக்க மாற்றங்களே. ஆயினும், பட்டியல் காத்தது உடுத்துவோரின் தோலையும் தொழிலாளரின் உடலையும். கழிவுநீரை ஏற்கும் ஆறு அதில் இடம்பெறவில்லை.

நீரை அளக்கும் சோதனைகளும் அவற்றின் எல்லையும்

நீர்வாழ் உயிர்களுக்கான சோதனைகளைப் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 1981 முதல் நெறிப்படுத்தியது. பாசிகள் 72 மணி நேரமும், டாஃப்னியா என்னும் நீர்த்தெள்ளு 48 மணி நேரமும், மீன்கள் 96 மணி நேரமும் சாயக்கரைசலில் வைத்து ஆராயப்படுகின்றன. சாயம் எளிதில் மக்குமா என்பதும் தனியே சோதிக்கப்படுகிறது. இவ்வாறு பெறும் தீங்கற்ற செறிவை, ஆற்றில் எதிர்பார்க்கப்படும் செறிவோடு ஒப்பிடுவதே மதிப்பீட்டின் நடைமுறை.

ஆற்றுச் செறிவைக் கணிக்கையில், கழிவுநீர் பத்து மடங்கு நீர்த்துப்போகும் என்பதை ஐரோப்பிய நெறிமுறை பொது மதிப்பாகக் கொள்கிறது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறுகளுக்கு இது பொருந்தலாம். திருமணிமுத்தாறும் சரபங்காவும் நொய்யலும் மழைக்காலத்தில் மட்டும் பெருகுபவை. கோடையில் ஆற்றில் ஓடுவதே பெரும்பாலும் கழிவுநீர் என்னும் நிலையில், நீர்த்துப்போதல் என்பது ஏட்டளவில் நிற்பதாகும்.

வினைச்சாயங்களும் உப்பும்

பருத்தியோடு வேதிப்பிணைப்பால் இணையும் வினைச்சாயங்கள் 1956இல் சந்தைக்கு வந்தன. பளிச்சென்ற நிறம், சலவை தாங்கும் தன்மை ஆகியவற்றால் அவை பின்னலாடைத் தொழிலின் முதன்மைச் சாயங்களாயின. தடைப்பட்டியலில் இல்லாத வினைச்சாயங்கள் பல. அவற்றுள் பலவற்றின் நேரடி மீன் நஞ்சுத்தன்மையும் குறைவே. மூலக்கூற்றளவில் நோக்கினால் அவை பாதுகாப்பானவையாகத் தோன்றும்.

ஆனால், இச்சாயங்களை இழையை நோக்கிச் செலுத்த மிகுதியான உப்பு தேவை. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு இதனை விளக்கும். 1 கிலோ துணிக்கு 10 லிட்டர் சாயநீரும், லிட்டருக்கு 60 கிராம் உப்பும் எனக் கொண்டால் 600 கிராம் உப்பு செலவாகும். அதே துணிக்குச் சாயம் 30 கிராம் இட்டு, அதில் 30 விழுக்காடு பற்றாமல் போனாலும் கழிவில் சேரும் சாயம் 9 கிராமே. உப்போ இழையில் தங்குவதில்லை; முழுவதும் கழிவில் சேர்கிறது. அலசும் நீரையும் கூட்டி 100 லிட்டர் எனக் கொண்டாலும், லிட்டருக்கு 6000 மில்லிகிராம் உப்பு எஞ்சும். தமிழ்நாட்டில் வெளியேற்றத்துக்கு அனுமதிக்கப்பட்ட கரைந்த திடப்பொருளின் வரம்பு 2100 மில்லிகிராம். நிறத்தைச் சுண்ணாம்பு முதலியவற்றால் படியவைத்து நீக்கலாம். உப்பு அவ்வழியில் நீங்குவதில்லை. எனவே தெளிந்த நீரும் பயிரைக் கெடுக்கலாம்.

நொய்யல் தந்த சான்று

திருப்பூருக்குக் கீழே நொய்யலின் குறுக்கே 1992இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, ஈரோடு, கரூர் பகுதி நிலங்களின் பாசனத்துக்கானது. சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவுநீர்த் தேக்கமாயிற்று. கிணறுகள் உவர்த்தன, பாசனம் பயனற்றதாயிற்று. உழவர்கள் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில், கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றாத நிலையைப் பட்டறைகள் அடையவேண்டும் என ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் 2009 அக்டோபரில் அதனை உறுதிசெய்தது. நிறைவேற்றாத நிலையில், 2011 சனவரியில் அனைத்துச் சாயப்பட்டறைகளையும் மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பின்னர் எதிர்ச்சவ்வூடுபரவல், ஆவியாக்கல் வழியாக நீரையும் உப்பையும் மீட்கும் நிலையங்கள் இயங்கத் தொடங்கியபின் பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன. அம்முறைக்கு மின்சாரமும் எரிபொருளும் மிகுதியாகத் தேவை. எஞ்சும் கலப்பு உப்பையும் சேற்றையும் எங்கே வைப்பது என்ற சிக்கலும் தொடர்கிறது. பாசலில் ஆர்சனிக் செய்ததை நொய்யலில் உப்பு செய்தது எனலாம்.

சேலத்துக்குப் பொருத்தம்

சேலத்தின் நிலை மேலும் சிக்கலானது. இங்குப் பட்டுக்கும் பருத்திக்கும் சாயமிடும் சிறு பட்டறைகள் சிதறியுள்ளன. நகரக் கழிவுநீரும் ஜவ்வரிசி ஆலைகளின் மாவுக்கழிவும் அதே நீர்வழிகளை அடைகின்றன. மாவுக்கழிவு நீரின் உயிர்வளியை உறிஞ்சுகிறது. உயிர்வளியற்ற சேற்றில் அசோ சாயங்களின் பிணைப்பு முறிந்து அமீன்கள் விடுபடக்கூடும். தனித்தனியே சோதித்த பொருள்கள் ஆற்றில் கூடும்போது நிகழ்வதைத் தனிச்சோதனை காட்டாது. பாறைப்பிளவுகளில் நீர் தங்கும் கடினப்பாறை நிலமாதலால், கிணற்றை எட்டிய உப்பு விரைவில் அகல்வதுமில்லை.

இந்நிலையில் மலைநீரே நம்பகமான ஒப்பீட்டு அளவாகும். பட்டறைகளுக்கு மேலே உள்ள ஓடைநீரின் உப்பளவையும் உயிர்வளியையும் பருவந்தோறும் பதிந்து, நகருக்குக் கீழே உள்ள நீரோடு ஒப்பிட்டால், எப்பகுதியில் எவ்வளவு கேடு சேர்கிறது என்பது புலப்படும்.

முடிவுரை

சாயத்தின் பாதுகாப்பு மூன்று வினாக்களுக்கு விடை வேண்டுவது. மூலக்கூறு நஞ்சா? அதனைத் துணியில் ஏற்றத் துணைநிற்கும் பொருள்கள் எவை, எவ்வளவு? கழிவை ஏற்கும் ஆறு எத்தகையது? முதல் வினாவுக்கு உலகம் நூறாண்டு உழைத்து விடை கண்டுள்ளது. மற்ற இரண்டையும் கேட்கத் தவறியதன் விலையை நொய்யல் உழவர் செலுத்தினர். சேர்வராயன் மலையில் பிறக்கும் ஆறுகளைப் பொறுத்தவரை, பட்டறையின் சாயப்பெட்டியில் ஒட்டப்பட்ட சான்றிதழோடு மதிப்பீடு முடிந்துவிடாது. உப்பின் அளவும் ஆற்றின் கோடைக்கால ஓட்டமும் சேர்த்து எழுதப்படும்போதே அது நிறைவுறும்.