உபயமும் பந்தியும்: முதியோர் இல்லத்துச் சாப்பாடு குறித்துத் திருவண்ணாமலையிலிருந்து ஒரு வாதம்

திருவண்ணாமலை சோறு போடும் ஊர். தமிழகக் கோயில்களில் 2002இல் தொடங்கிய அரசின் அன்னதானத் திட்டம், இங்கே அருணாசலேசுவரர் கோயிலில் 2022 டிசம்பரில் நாள் முழுவதும் நடப்பதாக விரிந்தது. பௌர்ணமி வந்தால் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நெடுகத் தொன்னைகளும் பொட்டலங்களும் கைமாறும். ரமணாசிரமத்தில் தங்கியிருப்போர் பகலில் இலையில் உட்காருமுன் சாதுக்களுக்கும் ஏழைகளுக்கும் அன்னம் இடப்படுகிறது. நினைத்தாலே முக்தி தரும் தலம் என்ற நம்பிக்கையில், கடைசிக் காலத்தை மலையடியில் கழிக்க வந்த முதியவர்கள் இந்த வரிசைகள் எல்லாவற்றிலும் நிற்கிறார்கள்.

சோறு கிடைப்பது ஒன்று. கூடி உண்பது வேறொன்று. முதியோர் இல்லங்களைப் பற்றிப் பேசும்போது முதலாவதைக் கேட்கிறோம், இரண்டாவதைக் கேட்க மறக்கிறோம். கூட்டுணவால் முதியவருக்கு வரும் நன்மை பக்கத்தில் ஆள் இருப்பதால் மட்டும் வருவதில்லை. பரிமாறுவதிலும் பரிமாறப்படுவதிலும் அவருக்கு மாறிமாறிப் பங்கு இருப்பதால் வருகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் உடம்பு. “நாக்கு செத்துப்போச்சு” என்று பாட்டிகள் சொல்வதில் பிழையில்லை. வயது ஏற ஏற மோப்பமும் சுவையும் மங்குகின்றன, வாய் உலர்கிறது, இரைப்பை மெதுவாகக் காலியாகிறது, வயிறு நிறைந்ததாகச் சொல்லும் கோலிசிஸ்டோகைனின் என்ற சுரப்பு ஓங்குகிறது. முதுமைப் பசியின்மை என்று மருத்துவம் இதைத் தனியாகவே பேசுகிறது. நாலு வாய் குறைந்தால் இளைஞருக்கு ஒன்றும் ஆகாது. எண்பது வயதில் அந்த நாலு வாய் தசையாகக் கரைகிறது, தசை கரைந்தால் கால் தடுமாறுகிறது, விழுந்தால் இடுப்பெலும்பு. ஆகவே பசி வரட்டும், சாப்பிடுவார் என்று காத்திருப்பது முதுமையில் ஆபத்தான பொறுமை. உள்ளே மணி அடிக்காதபோது வெளியிலிருந்துதான் ஒரு குரல் வர வேண்டும்.

அந்தக் குரலின் வலிமையை அளந்திருக்கிறார்கள். ஆய்வாளர் ஜான் டி காஸ்ட்ரோ 1989இல் உணவுக் குறிப்பேடுகளை வைத்துச் செய்த ஆய்வில், பிறரோடு உண்ட வேளைகளில் உணவின் அளவு ஏறத்தாழ 44 விழுக்காடு கூடியிருந்தது. கூட்டத்தில் சாப்பாடு நீளுகிறது, நீளுவதால் கூடுகிறது என்பது அவர் தந்த விளக்கங்களில் முக்கியமானது. முதியோர் இல்லத்துக்கே உரிய சான்று நெதர்லாந்திலிருந்து 2006இல் வந்தது. ஐந்து இல்லங்கள், மறதிநோய் இல்லாத 178 பேர், ஆறு மாதம். ஒரு பிரிவினருக்கு வழக்கம்போலத் தட்டில் முன்கூட்டியே போட்ட உணவு. மற்றவருக்கு மேசைவிரிப்பு, பாத்திரத்தில் வைத்துத் தாமே எடுத்துக்கொள்ளும் உணவு, உடன் அமர்ந்து பேசும் பணியாளர். முடிவில் இரு பிரிவுக்கும் இடையே சராசரி உடல் எடையில் 1.5 கிலோ வேறுபாடு, இரண்டாம் பிரிவுக்குச் சாதகமாக. வாழ்க்கைத் தரத்தின் மதிப்பெண்ணிலும், கைவிரல்களின் நுண்ணசைவுத் திறனிலும்கூட வேறுபாடு. எடையைவிட விரல்தான் என்னைக் கவர்கிறது. கரண்டியைத் தானே எடுத்த கை அது.

ஜப்பானில் 65 வயதைக் கடந்தவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்த பெரிய ஆய்வொன்று இன்னொன்றைக் காட்டியது. பிறரோடு ஒரே வீட்டில் வாழ்ந்தும் தனியே உண்ணும் ஆண்களிடம் இறப்பு அபாயம் கூடியிருந்தது. முதியோர் இல்லம் நடத்துவோர் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. ஐம்பது பேர் ஒரே கூரையின் கீழ் இருந்து, ஐம்பது தட்டுகள் ஐம்பது கட்டில்களுக்குப் போனால், அங்கே நடப்பது அதே வாழ்க்கைதான்.

இனி திருவண்ணாமலைக்குத் திரும்புகிறேன். ரமணர் 1899 முதல் 1916 வரை விருப்பாட்சி குகையில் இருந்த காலத்தில், மலையில் ஒரு மண்டபத்தில் வசித்த ஏழைக் கிழவி சரிவில் கீரை பறித்துச் சமைத்து அவருக்கும் ஒரு பங்கு கொண்டுவருவார். கீரைப்பாட்டி என்றே ஊர் அவரை நினைவில் வைத்திருக்கிறது. கணவரையும் பிள்ளைகளையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்து வந்த எச்சம்மாள், 1907 வாக்கில் தொடங்கி 1945இல் இறக்கும்வரை அன்றாடம் சோறு சமைத்துச் சுமந்துவந்தார். இந்த இருவரையும் பக்தியின் எடுத்துக்காட்டாகச் சொல்வதே வழக்கம். முதுமையியல் படிப்பவர் கண்ணில் வேறொன்றும் படும்: தனிமையில் இவர்களை நிமிர்த்தி வைத்தது, தன் கையால் இன்னொருவர் உண்ண வேண்டும் என்ற பொறுப்பு. இருவரும் அன்னம் இடுபவராக வாழ்ந்தார்கள்.

பின்னாளில் ஆசிரமத்துப் போஜன சாலையிலும் இதே தன்மை இருந்தது. விடியுமுன் எழுந்து காய் நறுக்க உட்காருவார் ரமணர். கூட உட்காருவோரும் உண்டு. மற்றவருக்கு வைத்ததைவிட ஒரு கரண்டி கூடுதலாகத் தமக்கு விழுந்தால் பரிமாறியவரைக் கண்டிப்பார். முழங்கால் வாதத்தோடு கைத்தடி ஊன்றி நடந்த பிற்காலத்திலும் பந்திக்கு வந்தே உண்டார். ஒரே இலை, ஒரே அளவு, ஒரே நேரம். சமையலறையிலும் கூடத்திலும் அதே மனிதர்கள்.

பந்தி என்ற நம் அமைப்புக்குள் நல்ல மருத்துவம் புதைந்திருக்கிறது. எல்லார் இலையிலும் விழுந்தபின்தான் கை வைப்பது. கடைசி ஆள் முடிக்கும்வரை யாரும் எழாதிருப்பது. பல்செட்டோடு மெதுவாக மெல்லுபவருக்கு இந்த இரண்டாவது மரபைவிடப் பெரிய காப்பு கிடையாது. “போதும்” என்ற பிறகும் “இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்திக்கோங்க” என்று வரும் உபசாரம், டி காஸ்ட்ரோ அளந்த அதே நீட்சி. எதிர் இலைக்காரர் மோர் வாங்கும்போது தானும் வாங்கத் தோன்றுவதும் அப்படியே.

நம் இல்லங்களில் பெரும்பாலும் நடப்பது பந்தியன்று, உபயம். யாரோ ஒருவரின் பிறந்தநாள், யாரோ ஒருவரின் திதி. பெயர் பலகையில் எழுதப்படுகிறது. உபயதாரர் வரும்வரை முதியவர்கள் தட்டின் முன் காத்திருக்கிறார்கள். சில இடங்களில் அவர் குடும்பத்துக்காகப் பிரார்த்தனையும் படமெடுப்பும் முடிந்தே சோறு. வடை பாயசத்தோடு நல்ல சாப்பாடுதான். கொடுப்பவர் மனதில் கள்ளமில்லை. அந்தப் பணமில்லாமல் பல இல்லங்களில் அடுப்பே எரியாது. ஆனாலும் அந்த வேளையில் முதியவர் விருந்தாளியும் இல்லை, வீட்டுக்காரரும் இல்லை; இன்னொருவர் புண்ணியத்தின் பாத்திரம். தனியே உண்ணாமையைச் சான்றோரின் குணமாகச் சொன்ன புறநானூற்றின் 182ஆம் பாடல் பேசுவது உடன் உண்பதை. உபயதாரர் குடும்பம் நின்று பரிமாறுவதோடு நில்லாமல், இலை போட்டு அவர்களோடு உட்கார்ந்தால் அந்த நாளின் பொருளே மாறிவிடும். இதற்கு ஒரு ரூபாய் கூடுதலாகச் செலவில்லை.

பந்தியை நான் புனிதப்படுத்தவில்லை. அது சாதியின் கருவியாகவும் இருந்தது. ரமணாசிரமப் போஜன சாலையிலேயே ஆசாரம் பார்த்த பிராமணர்களுக்குத் தடுப்புக்கு அப்பால் தனியிடம் இருந்தது. இரு பக்கத்தாருக்கும் தெரியும்படி ரமணர் அமர்ந்தார். சமரசந்தான், ஆனாலும் தடுப்பு இருந்தது என்பதை எழுதாமல் விடக்கூடாது. 1867இல் வடலூரில் வள்ளலார் தொடங்கிய சத்திய தருமச்சாலை சாதி பாராமல் எல்லோருக்கும் சோறிட்டதை வைத்துப் பார்த்தால் இந்தக் குறை இன்னும் தெளிவாகத் தெரியும். இன்றும் சமைத்தது யார் என்று விசாரிக்கும் முதியவர்கள் உண்டு. அவர்களுக்காக இன்னொரு தடுப்பு எழுப்புவதை எந்த இல்லமும் மறுக்க வேண்டும்.

பெண்களின் நிலை இன்னும் நுட்பமானது. வாழ்நாள் முழுக்க எல்லோரும் உண்டபின் அடுக்களையில் தனியே உண்டவர்களே இந்தத் தலைமுறைப் பாட்டிகள். நாலு பேர் நடுவில் உட்கார்ந்து தனக்கு ஒருவர் பரிமாறுவது அவர்களில் பலருக்கு அறுபதுக்கு மேல் வரும் புதிய அனுபவம். இன்பமாகவும் இருக்கும், கூச்சமாகவும் இருக்கும். அவர்களிடமிருந்து கரண்டியை முற்றிலும் பிடுங்கி “நீங்க சும்மா உக்காருங்கம்மா” என்பது அன்புபோலத் தோன்றும் பறிப்பு. கீரை ஆயவும், பூண்டு உரிக்கவும், பக்கத்து இலைக்கு அப்பளம் வைக்கவும் இடம் கொடுத்தால் போதும். விழுங்கச் சிரமப்படுவோரும், வாயோரம் வழிவதற்கு வெட்குவோரும், இரைச்சலில் கலங்கும் மறதிநோயாளரும் இரண்டு மூன்று பேராக அமைதியான மூலையில் உண்ணட்டும். தரையில் உட்கார முடியாதவருக்கு மேசையிட்டாலும் பந்தி பந்திதான்.

சட்டம் இதில் பேசாமலிருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் பராமரிப்பின் வரையறையில் உணவு இருக்கிறது. உடை, உறைவிடம், மருத்துவத்தோடு சேர்த்து எண்ணப்படும் பொருளாக. அதன் 19ஆம் பிரிவு மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது அமைக்கலாம் என்றும், அதில் குறைந்தது 150 பேருக்கு இடம் வேண்டும் என்றும் சொல்கிறது. 150 பேருக்கு ஒரே மணியடித்து ஒரே கூடத்தில் போட்டால் அது கஞ்சித்தொட்டிதான். எட்டுப் பேர் கொண்ட பந்திகளாகப் பிரித்து, ஒவ்வொரு பந்திக்கும் மாறாத இடமும் முறைவைத்துப் பரிமாறும் பொறுப்பும் தர வேண்டும். இல்லங்களின் தரங்களை மாநில அரசே வகுக்க அதே பிரிவு வழிசெய்கிறது. அங்கே அரிசி பருப்பின் அளவோடு சாப்பாட்டுக்கான நேரமும், பணியாளர் உடன் அமர்வதும் எழுதப்பட வேண்டும். ஆய்வுக்கு வரும் அலுவலர் இருப்புப் பதிவேட்டைப் பார்த்துவிட்டுக் கிளம்பாமல், பகல் பன்னிரண்டரைக்கு வந்து ஒரு பந்தியில் உட்காரட்டும். அவர் இலையில் கூட்டு வைப்பது அங்கே வசிக்கும் ஒரு பாட்டியாக இருக்கட்டும். அந்தப் பந்தியின் கடைசி ஆள் மோர்சாதத்தை முடித்து எழும்வரை அவரும் எழாதிருக்கட்டும்.