பேய்க்குத் தாய்மொழி

இரைச்சல் கிட்டார், தொண்டை கிழியும் அலறல், இருட்டு, பேய். இதுதான் பிளாக் மெட்டல். பின்லாந்துக்காரர் பாசி கோஸ்கினென் 1995ல் அமார்ஃபிஸ் குழுவில் சேர்ந்து ஆங்கிலத்தில் பாடினார். 1996ல் அவரே ஆரம்பித்த குழு அஜத்தாரா. அது அந்த ஊர்க் கதைகளில் வரும் காட்டுப் பேயின் பெயர். 2001ல் வந்த முதல் ஆல்பம் 'இட்சே' முழுக்க ஃபின்னிஷ். ஊருக்கு ஆங்கிலம், பேய்க்குத் தாய்மொழி!

நம்மவர்கள்? 1992ல் சிங்கப்பூரில் தமிழ்ப் பெயர் கொண்ட பையன்கள் ஆரம்பித்த 'ருத்ரா' இதே ரகம்தான். ஆனால் 2005ல் வந்த 'பிரம்மவித்யா' உட்பட பெரும்பாலும் ஆங்கிலமும் சமஸ்கிருதமும்தான். வேதாந்தத்துக்கு அது சரி. அலறலுக்குத் தமிழ் போதாதா என்ன? 12ஆம் நூற்றாண்டுக் கலிங்கத்துப்பரணியில் (செங்கல்பட்டுக்குப் பக்கத்துக் காஞ்சியில் இருந்துதான் குலோத்துங்கன் படையை அனுப்புகிறான்) பிணக்குவியல் நடுவே பேய்கள் கூழ் காய்ச்சிக் குடிக்கின்றன. கிட்டார் மட்டும்தான் பாக்கி.