வழியில் இருக்கும் ஊர்கள்

எங்க ஊர்ப் பக்கம் டீக்கடைச் சுவர், ஆட்டோ, கல்யாண ஃப்ளெக்ஸ் என்று எங்கே பார்த்தாலும் ஒரு மீசைக்கார வெள்ளைக்காரர் இருப்பார். பென்னிகுயிக். அவர் பிறந்தநாளான ஜனவரி 15 அன்று பாலார்பட்டியில் அவர் பேரில் பொங்கல் வைக்கிறார்கள். சொத்தை விற்று அணை கட்டினார் என்ற கதையைக் கேட்டுத்தான் நானும் வளர்ந்தேன். ஆனால் 1887 முதல் 1895 வரை நடந்த அந்த வேலைக்குப் பணம் போட்டது சென்னை மாகாண அரசு. காட்டுக் காய்ச்சலில் செத்துப்போன கூலிகளுக்கு ஃப்ளெக்ஸ் கிடையாது.

கம்பம் பள்ளத்தாக்கை மேப்பில் பாருங்க. மேற்கே கேரள எல்லை மலை, கிழக்கே மேகமலை, வடகிழக்கில் தேனியைப் பார்த்து மட்டும் வாசல். தென்மேற்குப் பருவமழையை மேற்கு மலை அந்தப் பக்கமே வாங்கிக்கொள்ளும். நமக்குக் காத்துதான். ஆனாலும் ஜூனில் கூடலூரிலும் கம்பத்திலும் நாற்று விடுவார்கள். இங்கே பெரிதாக மழை இல்லாத மாதத்தில் அங்கே பெய்யும் மழையை நம்பி நெல்! மேற்கே ஓடிய பெரியாற்றை மறித்து, ஒரு மைலுக்குச் சற்றே கூடுதலான சுரங்கம் வழியாகக் கிழக்கே இறக்கியதால் வந்த போகம் அது. லோயர் கேம்பில் அந்தத் தண்ணீர் மின்சாரமும் தந்துவிட்டுத்தான் வயலுக்கு வருகிறது.

இந்த யோசனை பென்னிகுயிக்குக்கும் முந்தியது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ராமநாதபுரத்துப் பிரதானி முத்திருளப்ப பிள்ளை ஆள் அனுப்பிப் பார்த்தார். 1808இல் கேப்டன் கால்டுவெல் நடக்காத காரியம் என்று எழுதிவிட்டார். 1876-78 தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகுதான் அரசுக்கு அவசரம் வந்தது. கவனியுங்க, இலக்கு மதுரைச் சமவெளி. நாம் வழியில் இருந்தோம், அவ்வளவுதான். (அணைக்கு முன்னால் இங்கே ஒன்றுமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பாரதத்தைத் தமிழாக்கியதைச் சொல்லும் பாண்டியர் செப்பேடு கிடைத்தது நம்ம சின்னமனூரில்தான்.)

1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூரோடு குத்தகை: 8,000 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபாய், 999 வருஷம். இவ்வளவு நீண்ட ஒப்பந்தத்தை எந்த சாஃப்ட்வேர் கம்பெனியிலும் நான் பார்த்ததில்லை. கையெழுத்துப் போட்ட இரண்டு அரசுகளும் 100 வருஷம்கூடத் தாங்கவில்லை, காகிதம் தாங்குகிறது. 1979இல் அணைப் பாதுகாப்பைக் காரணம் காட்டி நீர்மட்டம் 152 அடியிலிருந்து 136 ஆனது. 2014இல் உச்ச நீதிமன்றம் 142 வரை அனுமதித்தது. அந்த எண்களை எங்க சித்தப்பா பரீட்சை மார்க் மாதிரி ஒப்பிப்பார்.

அணைச் சண்டையில் யார் பக்கம் என்று கேட்டால், தண்ணீர் குடித்து வளர்ந்தவன் நான், தமிழ்நாட்டுப் பக்கம்தான். ஆனால் அந்தப் பக்கத்திலும் எல்லோரும் ஒன்றில்லை. வயல் உள்ளவருக்குத் தண்ணீர் மலையிலிருந்து இறங்குகிறது. வயல் இல்லாத வீட்டுப் பெண்கள் விடியுமுன்னே ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து, கம்பமெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஏறுகிறார்கள். 2011 டிசம்பரில் சண்டை முற்றி எல்லைப் பாதைகள் அடைபட்டபோது சுரங்கத்தில் தண்ணீர் நிற்கவில்லை. ஜீப்புகள்தான் நின்றன. கூலி இல்லாமல் எத்தனை அடுப்பு எரியவில்லை என்று யாரும் கணக்கெடுத்ததாகத் தெரியவில்லை. பிறகு பாதை திறந்ததும், யார் ஜெயித்தது என்று கேட்காமல், தூக்குவாளியோடு அதே பெண்கள் அதே ஜீப்பில் ஏறினார்கள்.