சிலைக்குள்ள ஒரு சமையலறை

சிலைன்னா நாம என்ன செய்வோம்? தள்ளி நின்னு பார்ப்போம், ஒரு செல்ஃபி எடுப்போம், கிளம்பிடுவோம். இன்னைக்கு நான் சொல்லப்போறது, சிலைக்கு வாசல் வச்ச ஒரு பெண்ணோட கதை. பேர் நிக்கி டி சான் ஃபால். 1930-ல் பிரான்ஸில் பிறந்து, அமெரிக்காவில் வளர்ந்தவர்.

1955-ல் பார்சிலோனாவில், கௌடி கட்டிய குயெல் பூங்காவைப் பார்க்கிறார். நாமளும் இப்படி ஒரு தோட்டம் கட்டணும்ங்கிற ஆசை அங்கதான் தொடங்குது.

1966-ல் ஸ்டாக்ஹோமின் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்காக, இரண்டு ஆண் கலைஞர்களோட சேர்ந்து 'ஹோன்' செய்தார். ஸ்வீடிஷ் மொழியில் 'அவள்'னு அர்த்தம். மல்லாந்து படுத்திருக்கும் ஒரு கர்ப்பிணி. நீளம் 20 மீட்டருக்கும் மேல. வாசல், அவளோட கால்களுக்கு நடுவே. உள்ளே குட்டி சினிமா, மீன்தொட்டி, ஒரு மார்புக்குள்ள மில்க் பார். கூட்டம் குவிஞ்சது. மூணு மாசத்துல கண்காட்சி முடிஞ்சதும் பிரிச்சுட்டாங்க.

எனக்கு இதுல முக்கியமாப் படுறது ஒண்ணு. ஐரோப்பியக் கலையில் பெண் உடல், பெரும்பாலும் ஆண்கள் செதுக்கி, மத்தவங்க வேடிக்கை பார்த்த ஒரு பொருள். நிக்கி அதைக் கட்டடமா மாத்தினார். உள்ளே போறவர் இனி பார்வையாளர் இல்லை, விருந்தாளி.

ஆனா இதுக்கு அவர் கொடுத்த விலை பெருசு. சிலை செய்யப் பயன்படுத்திய பாலியெஸ்டரின் நச்சுப்புகை நுரையீரலைக் கெடுத்தது. 1974-ல் உடம்பு தேற சுவிட்சர்லாந்து போன இடத்தில், ஒரு பழைய தோழிகிட்ட தன் தோட்டக் கனவைச் சொன்னார். தோழியோட சகோதரர்கள் இத்தாலியின் டஸ்கனியில் நிலம் கொடுத்தாங்க.

அங்கே டாரோ சீட்டுக்கட்டின் 22 முக்கிய சீட்டுகளும் சிலைகளா எழுந்தன. இரும்புக் கம்பிக்கூடு, மேல சிமென்ட், அதுக்கு மேல கண்ணாடியும் பீங்கானும். செலவுக்குத் தன் பெயரிலேயே சென்ட் விற்றார். மூட்டுவாதம் கைகளை முடக்கியபோதும் வேலை நிற்கல. 'பேரரசி' சிலைக்குள்ளேயே சில வருஷம் குடியிருந்தார். ஒரு மார்பு படுக்கையறை, இன்னொண்ணு சமையலறை.

தோட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது 1998-ல். நாலே வருஷத்தில் நிக்கி இறந்துட்டார். ஹோன் போல இதை யாரும் பிரிக்கல. பேரரசி அங்கேயேதான் இருக்கா. இப்பவும் அவளுக்குள்ளே நீங்க நடந்து போகலாம்.