பினாங்கின் அழைப்பு மடலும் பாகான் டாலாமும்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் குவிந்துகிடந்த பண்டங்களை வரிசையாக எண்ணிக் காட்டுகிறது. கடல்வழி வந்த குதிரை, வண்டியில் வந்த மிளகு மூடை, வடமலைப் பொன்னும் மணியும், ஈழத்து உணவு என நீளும் அவ்வரிசையில் காழகத்துப் பொருளும் உண்டு. காழகம் என்றது கடாரத்தையே என உரை கண்டார் நச்சினார்க்கினியர். கடாரம் இன்றைய கெடா. பட்டர்வொர்த் நகரை அடுத்துள்ள பாகான் டாலாம் நிற்கும் நிலமும் 1800ஆம் ஆண்டுவரை கெடா மன்னர்க்கு உரியதாகவே இருந்தது. தன் ஊரில் என்ன உண்டு என்று எண்ணிச் சொல்லி வணிகரை ஈர்க்கும் வழக்கம், ஆதலின், தமிழர்க்கும் புதிதன்று, இம்மண்ணுக்கும் புதிதன்று.

எதிர்க்கரையிலுள்ள பினாங்குத் தீவை 1786 ஆகஸ்டு 11ஆம் நாள் கிழக்கிந்தியக் கும்பினியின் பெயரால் கைக்கொண்ட பிரான்சிஸ் லைட், வருவோர்க்கு இரண்டே செய்திகளை அறிவித்தார். துறையில் சுங்கம் இல்லை. காடு திருத்துவோர்க்கு நிலம் உண்டு. வெள்ளிக் காசுகளைப் பீரங்கியில் அடைத்துக் காட்டுக்குள் சுட்டு, அவற்றைத் தேடுவோரைக்கொண்டே காட்டை அழித்தார் என்றொரு கதை வழங்குகிறது. அது மெய்யாயினும் புனைவாயினும், அவ்வழைப்பின் இயல்பை விளக்க அதனினும் சிறந்த உவமை வேண்டுவதில்லை. சோழமண்டலக் கரையிலிருந்து சூலியா வணிகர் வந்தனர். சூலியா தெருவும் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் அவர்கள் வரவுக்கு இன்றும் சான்றாகின்றன.

சுங்கமில்லாத் துறை என்ற அந்த ஒற்றை வரி ஏறக்குறைய 180 ஆண்டுகள் பினாங்குக்குச் சோறிட்டது. சுமத்திராவின் ரப்பரும் ஈயமும் இங்கு வந்து இறங்கித் தரம் பிரிக்கப்பெற்று வெளிநாடு சென்றன. 1963 முதல் 1966 வரை நீடித்த இந்தோனேசியப் பகைமை அவ்வாணிகத்தின் நரம்பை அறுத்தது. 1969இல் தீர்வையற்ற துறைமுகம் என்னும் உரிமையும் பறிபோயிற்று. உழைக்கும் வயதினருள் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேர் வேலையற்று நின்றனர். பழைய மடலில் எழுதப்பட்டிருந்த வரி அழிந்துவிட்டது. புதிய மடல் எழுதியாக வேண்டிய நிலை.

அவ்வாண்டில் முதலமைச்சர் பொறுப்பேற்ற டாக்டர் லிம் சோங் இயூ அதனை எழுதும் பணியைத் தொடங்கினார். 1969இலேயே பினாங்கு மேம்பாட்டுக் கழகம் தோன்றியது. அதன் முதற் பொது மேலாளர் சேத் சிங். அமெரிக்கப் பொருளியலறிஞர் ராபர்ட் நேதனின் நிறுவனம் 1970இல் அளித்த பெருந்திட்ட அறிக்கை, ஏற்றுமதித் தொழிலை நாடுமாறு வழிகாட்டியது. அறிக்கை எழுதுவது எளிது. அலமாரியில் உறங்கும் அறிக்கைகளுக்கு எந்நாட்டிலும் பஞ்சமில்லை. இங்கோ அது பயணப்பெட்டியில் ஏறியது. முதலமைச்சரும் கழகத்தாரும் அயல்நாடுகளுக்கு நேரிற் சென்று தொழிலதிபர்களைச் சந்தித்தனர்.

தொழில் நிறுவ வருபவன் ஊரின் பெருமையைக் கேட்பதில்லை. நிலம் எத்தனை ஏக்கர், குத்தகை எத்தனை ஆண்டு, மின்சாரம் தடையின்றி வருமா, நீர் போதுமா, விமான நிலையம் எத்தனை மைல், தொழிலாளி எந்த மொழி படித்தவன், வரி எப்போது தொடங்கும் என்பனவே அவன் வினாக்கள். இவற்றுள் பலவற்றுக்குச் சட்டமே விடை தந்தது. 1968ஆம் ஆண்டின் முதலீட்டு ஊக்கச் சட்டம் வரிச் சலுகையையும், 1971ஆம் ஆண்டின் தடையற்ற வாணிக வட்டாரச் சட்டம் சுங்க விலக்கையும் வகுத்தன. 1972இல் பாயான் லெப்பாஸ் வட்டாரம் திறந்தது. நெல் விளைந்த வயலில் இன்டெல் தொழிற்சாலை எழுந்தது. ஏஎம்டி, ஹியூலட் பேக்கார்ட், நேஷனல் செமிகண்டக்டர், போஷ், ஹிட்டாச்சி, கிளாரியன், லிட்ரோனிக்ஸ் ஆகியவற்றையும் சேர்த்து எண்மரை 'எட்டு சாமுராய்' என்று பின்னர் அழைத்தனர். உள்ளங்கையில் அடங்கும் மின்னணுச் சில்லுக்குக் கப்பல் வேண்டுவதில்லை, விமானமே போதும். விமான நிலையத்தை ஒட்டிய தீவின் தென்கிழக்கு மூலை வென்றதன் காரணம் அதுவே.

பெருநிலத்தின் கதை வேறு. அங்கே மாக் மண்டினும் பிறையும் முன்னரே தொழிற்பேட்டைகளாகியிருந்தன. பிறையில் 1967இல் இயங்கத் தொடங்கிய மலாயாவாத்தா எஃகாலை, ரப்பர் மரக்கரியை எரித்தே இரும்பை உருக்கியது. தோட்டத் தமிழன் பால் வெட்டி ஓய்ந்த மரம் உலைக்களத்தில் முடிந்தது என்க. அதே 1967இல் இருப்புப்பாதை பிறை ஆற்றைக் கடந்து பட்டர்வொர்த் வந்தது. ஆழ்நீர்த் துறைமேடைகளும் 1960களின் இறுதியில் அக்கரையில் அமைந்தன.

இவ்விரண்டின் நிழலிலே வாழ்ந்தது பாகான் டாலாம். மூட்டை சுமந்தும் தண்டவாளம் பேணியும் பிழைத்த தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த ஊர் அது. முதலீட்டாளர்க்கென எழுதப்படும் எந்தத் தொகுப்பிலும் இத்தகைய ஊருக்குக் கிடைப்பது ஒரே கட்டம்: 'தொழிலாளர், இத்தனை பேர்'. பாரந்தூக்கி இயக்கும் கையும், பற்றவைப்பில் தேர்ந்த கண்ணும், தமிழும் மலாயும் ஹொக்கியனும் கலந்து பேசிச் சந்தையில் பேரம் முடிக்கும் நாவும் அக்கட்டத்துள் அடங்குவதில்லை. அடங்காதது ஏட்டின் அழகுக் குறை மட்டுமன்று. கொள்கலன் பெட்டிகள் வந்து நூறு தோள்களின் வேலையை ஒரு பாரந்தூக்கி விழுங்கியபோது, எவரெவர் எத்தொழிலுக்கு மாற வல்லவர் என்று காட்டும் கணக்கு தேவைப்பட்டது. தலைகளை மட்டும் எண்ணிய ஏட்டில் அக்கணக்கைத் தேடுவது எங்ஙனம்?

2004இல் இன்வெஸ்ட்பினாங்கு என்னும் அமைப்பு இப்பணிக்கென்றே நிறுவப்பட்டது. 2014இல் இரண்டாம் பாலம் திறந்தபின், தோட்டங்களாயிருந்த பத்து காவான் நிலம் பெருநிலத்தின் புதிய தொழிற்களமாயிற்று. பாகான் டாலாமுக்கென்றும் ஒரு மடல் எழுதப்படுமாயின், நிலப்படத்துக்கு முன்னே வீட்டுக் கணக்கு ஒன்று அதில் இடம்பெறல் வேண்டும். யார் எத்தொழில் அறிந்தவர், பிள்ளைகள் எப்பள்ளியில் பயில்கின்றனர், இரவு முறை முடித்த பெண் எந்தப் பேருந்தில் வீடு சேர்வாள் என்னும் கணக்கு அது. அதனை எழுத வல்லவர் கழக அலுவலரினும் அவ்வூர்ப் பள்ளி ஆசிரியரே.