பர்மாவும் சின்னமங்கலமும்: மனவடுவிலிருந்து மீள்வதில் நல்ல நினைவின் இடம்

பேரதிர்ச்சிக்குப் பின்னான மன உளைச்சல் நோய், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் 1980-இல் தனி நோயாக இடம்பெற்றபோது, அதன் மையத்தில் வைக்கப்பட்டது அழைக்காமலே வந்து நிற்கும் கொடிய நினைவு. ஆகவே சிகிச்சையும் ஆய்வும் நெடுங்காலம் அந்த ஒரு நினைவைத் தணிக்கும் வழியையே தேடின. நோயாளியின் நல்ல நினைவுகள் என்னவாகின்றன என்னும் கேள்வி பிந்தியே எழுந்தது. நல்ல நினைவு மருந்தாகும் என்னும் கருத்து இன்று பரவலாக ஏற்கப்பட்டிருப்பினும், எத்தகைய நல்ல நினைவு என்பது போதிய அளவு கேட்கப்படவில்லை. பர்மாவை இழந்த செட்டிநாடு அதைக் கேட்பதற்குத் தக்க களம்.

1995-இல் உளவியலாளர் ரிச்சர்ட் மெக்னலியும் உடன் ஆய்வாளர்களும், வியட்நாம் போரில் ஈடுபட்ட வீரர்களிடம் ஒரு பண்பைக் குறிக்கும் சொல்லைக் கொடுத்து, அப்பண்பு தம்மிடம் வெளிப்பட்ட ஒரு குறிப்பிட்ட நிகழ்ச்சியைச் சொல்லுமாறு கேட்டனர். நோயுற்றவர்களுக்கு, குறிப்பாக நற்பண்புகளுக்குரிய நிகழ்ச்சிகளைச் சொல்வது, கடினமாக இருந்தது. ‘அந்தத் திருவிழாவின் மூன்றாம் நாள் மாலை’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘திருவிழாவுக்குப் போவோம்’ என்று நின்றுவிடும் இந்நிலையைப் பொதுமைப்பட்ட நினைவு எனலாம். போர்க்கால உடுப்பும் பதக்கமும் அணிந்தே ஆய்வுக்கூடத்துக்கு வந்தவர்களிடம் இது மிகுதியாகக் காணப்பட்டது என்பது சிந்திக்கத்தக்கது. கடந்த காலத்தைச் சின்னமாகச் சூடிக்கொள்பவருக்கு அதனுள் நுழைவது எளிதாகிவிடவில்லை.

செட்டிநாட்டின் பர்மா நினைவிலும் இச்சின்னத்தன்மை உண்டு. மூன்றாண்டுக் கணக்குக்குக் ‘கொண்டுவிக்க’, அதாவது வணிகம் செய்ய, கடல்கடந்து போன செட்டிநாட்டு நகரத்தார், இரங்கூன் முகல் தெருவிலிருந்து ஐராவதிக் கழிமுகம் வரை வட்டிக்கடை நடத்தினர். கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் அவர்களிடம் இருந்த நிலம் 6 விழுக்காடு. பெருமந்தத்தில் கடனடைக்க இயலாத உழவர்களின் நிலம் கைமாறியதால் 1937-க்குள் அது ஏறத்தாழ 25 விழுக்காடாயிற்று. 1941 டிசம்பர் 23-இல் இரங்கூன்மீது ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. கப்பலில் இடம் கிடைத்தவர் கப்பலேறினர். மற்ற இந்தியர் 1942-இல் இலட்சக்கணக்கில் அரக்கான் மலைவழியாகவும் தாமு, மணிப்பூர் வழியாகவும் நடந்தனர், பல்லாயிரவர் வழியிலேயே மாண்டனர். எஞ்சிய சொத்துரிமையை 1948-இன் நில நாட்டுடைமைச் சட்டமும் 1964-இன் வெளியேற்றமும் முடித்துவைத்தன.

ஆனால் பர்மா இன்று பேச்சில் பெரும்பாலும் செட்டிநாட்டு வீடுகளின் தேக்குத் தூணாகவும், முகப்பின் அகலமாகவும், ‘அந்தக் காலத்துச் செழிப்பு’ என்னும் ஒற்றைச் சொற்றொடராகவும் எஞ்சுகிறது. நடந்த வழியும், நிலம் இழந்த பர்மிய உழவனும் அதில் இல்லை. 1942-இன் மக்களுக்கு 1980-இன் நோய்ப்பெயரைச் சூட்டுவது பிழையாகும். எனினும், நாளும் இடமும் கழன்ற பெருமித நினைவு ஆறுதல் தருவதைவிட இழப்பின் அளவையே நாள்தோறும் காட்டிக்கொண்டிருக்கும் என்று கொள்வதில் தடையில்லை.

இதற்கு நேர்மாறான நினைவை, சிவகங்கைச் சீமையின் சிங்கம்புணரியில் 1920-இல் பிறந்த ப. சிங்காரத்திடம் காணலாம். இளமையில் சுமத்திராவின் மெடானுக்குக் கடை வேலைக்குப் போய், போருக்குப் பின் 1946-இல் திரும்பிய அவர் எழுதி 1972-இல் வெளிவந்த ‘புயலிலே ஒரு தோணி’ நாவலில், ஜப்பானியர் நுழைந்த மெடானின் கொடுமைகளுக்கு இடையே நாயகன் பாண்டியனின் மனம் சொந்த ஊரான சின்னமங்கலத்தின் சந்தைக்கும் மதுரை வீதிகளுக்கும் திரும்புகிறது. அவன் நினைவில் ‘ஊர்’ ஒரு பொதுப்பொருளாக இல்லாமல், கடை கடையாக, ஆள் ஆளாக வருகிறது. எள்ளலும் அதனோடு வருவதால் ஏக்கம் வழிபாடாவதில்லை. சிங்காரம் இதை மருந்தாகக் காட்டவும் இல்லை. பாண்டியன் ஊர் திரும்புவதில்லை.

சிகிச்சை முறைகளில் இத்தகைய நினைவுகூரலுக்கு அருகில் நிற்பது, மாகி ஷௌவர், ஃபிராங்க் நாய்னர், தோமஸ் எல்பெர்ட் ஆகியோர் உருவாக்கிய எடுத்துரைப்புச் சிகிச்சை. பாதிக்கப்பட்டவர் ஒரு கயிற்றைத் தம் வாழ்நாளாகக் கொண்டு தரையில் நீட்டி, நல்ல நிகழ்ச்சிகளுக்குப் பூவும் கொடியவற்றுக்குக் கல்லும் கால வரிசையில் வைத்து, பிறகு ஒவ்வொன்றையும் நாளும் இடமும் புலப்பட எடுத்துரைக்கிறார். பேரேட்டில் பற்றும் வரவும் தேதியோடு நிற்பதைக் கண்டு வளர்ந்த செட்டிநாட்டாருக்கு இம்முறை அந்நியமாகப் படாது. பூ கல்லை அகற்றுவதில்லை. கல்லுக்கு முன்னும் பின்னும் காலம் இருந்தது என்பதைக் கண்ணுக்குக் காட்டுகிறது, நோயுற்ற நினைவில் அறுந்திருப்பதும் அந்தத் தொடர்ச்சியே.

சான்றுகளை மிகைப்படுத்தலாகாது. மகிழ்ச்சியான நினைவை மீட்பது உளைச்சலின்போது கார்டிசால் என்னும் இயக்குநீரின் சுரப்பு உயர்வதைத் தணிப்பதாக ஆய்வாளர்கள் ஸ்பியரும் டெல்கேடோவும் 2017-இல் காட்டியது நலமுள்ளவர்களிடத்தில். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் வடகிழக்கு இலங்கையில் 31 குழந்தைகளிடம் எடுத்துரைப்புச் சிகிச்சையையும் தியானத் தளர்வுப் பயிற்சியையும் ஒப்பிட்ட ஆய்வில், இரு குழுவினரும் தேறினர். ஆகவே பூவின் பங்கு இவ்வளவு என்று அதிலிருந்து பிரித்தெடுக்க இயலாது.

1942-இல் குழந்தையாக நடந்துவந்தவர்களுக்கு இன்று எண்பது வயது கடந்துவிட்டது. அவர்களிடம் வாய்மொழி வரலாறு திரட்டுவோர் பர்மாவின் செல்வத்தைப் பற்றியே கேட்பாராயின் தேக்குத் தூணே விடையாகக் கிடைக்கும். எந்தத் தெரு, எந்த மாதம், நடையின் எந்த இரவில் யார் கைப்பிடித்துக் கூட்டிவந்தார் என்று கேட்பாராயின் கல்லும் பூவும் ஒருங்கே வெளிப்படக்கூடும்.