.315: ஓர் எண்ணின் பெயர் வரலாறு

பிரித்தானிய இந்தியாவில் .303 முதலிய படைத்துறைத் தோட்டாக்களுக்குரிய துப்பாக்கிகளைக் குடிமக்கள் வைத்திருப்பது கட்டுப்படுத்தப்பட்டது. இலண்டன் நிறுவனங்களின் இரட்டைக்குழல் துப்பாக்கிகளோ பெருஞ்செல்வர்க்கே எட்டின. இவ்விடைவெளியை நிரப்பியது, பி.எஸ்.ஏ. நிறுவனம் லீ பொறியமைப்பில் செய்த .315 வேட்டைத் துப்பாக்கி. விடுதலைக்குப் பின்னர் இஷாப்பூர்த் தொழிற்சாலை அவ்வகையைச் செய்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் வேட்டை அருகியபின்னும் உரிமங்களில் அவ்வெண் நிலைபெற்றது.

மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கது ஒன்றுண்டு. 8 மில்லிமீட்டரின் அங்குல வடிவமே .315, குண்டின் உண்மை விட்டமோ அதனினும் சற்று மிகுதி. எனவே இஃது அளவன்று, பெயர். இதனை '8 மி.மீ.' என மாற்றினால், அப்பெயருடைய மவுசர் தோட்டாவையும் அது சுட்டக்கூடும். உரிமத்தின் பொருளே பிறழும். சட்ட ஆவணங்களில் எண்ணை உள்ளவாறே நிறுத்துவதே முறையாகும்.